மதகடியில் உட்கார்ந்தவர்கள்

அந்த விளையாட்டை நிராகரிப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் இளம்பரிதி பூதலூரில் ரயில் ஏறினான். தஞ்சாவூரில் இறங்கி, அதைச் செய்த பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

சென்னையில் ஒரு கம்பெனியின் இரவுப் பணியில், பிறர் செய்த விளையாட்டுகளில் ஓட்டை தேடுவது அவனுடைய வேலையாக இருந்தது. ஒருநாள் பாதியில் எழுந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. வேலையை விட்டானே தவிர விளையாட்டை விடவில்லை. தஞ்சாவூரில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ராஜராஜன், புது விளையாட்டு செய்பவர்களுக்காகத் தான் நடத்தும் போட்டிக்கு அதனால்தான் அவனை நடுவராகப் பிடித்துப் போட்டிருந்தார். அதில் ஒரு பிரிவு, பெருந்திரள் இணைய விளையாட்டு. எம்.எம்.ஓ. என்பார்கள். ஏராளமானவர்கள் ஒரே உலகத்துக்குள் புகுந்து ஆடுவது. நாம் வெளியே வந்த பிறகும் அந்த உலகம் நிற்காமல் ஓடுவது. ஜெயித்தால் ஒரு வருடத்துக்கு சர்வர் இலவசம்.

அந்தப் பிரிவுக்கு வந்திருந்தது ஒரே ஒரு விளையாட்டு. பெயர் ‘கடைமடை’. செய்தவள் வேளாங்கண்ணிப் பக்கத்து வானதி. அப்பாவின் உரக்கடை மாடியில் ஒரு பழைய கணினியில் அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த மாதத்தைத் தாண்டினால் அதிசயம் என்று அவளே ராஜராஜனிடம் சொல்லியிருந்தாள். பிரிவில் சேர்த்தால் பரிசு அதற்குத்தான், அந்த உலகம் பிழைக்கும். சேர்க்காவிட்டால் அத்தனை வயலும் கணினியோடு சேர்ந்து அணைந்துவிடும்.

முந்தின நாள் மத்தியானம் இளம்பரிதி உள்ளே போய்ப் பார்த்திருந்தான். எந்த ஊர் என்று கேட்டது. பூதலூர் என்றான். தலைமடையில், அதாவது ஆற்றுத் தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில், ஒரு வயலும், வாய்க்கால் தண்ணீரை அந்த வயலுக்குத் திருப்பிவிட ஒரு மதகும் கொடுத்தது. வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தான். ஈ காக்கை இல்லை. பெருந்திரளாம், பெருந்திரள். மதகை முழுசாகத் தூக்கிவிட்டு, நாற்று நட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். திரும்ப இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. பூதலூரில் பிறந்தவனுக்குச் சட்டென்று தோன்றாது. கல்லணைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் என்பது தானாக வந்துகொண்டிருக்கும் சமாச்சாரம்.

பயிற்சி மையத்தில் வானதி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். ராஜராஜன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

“நீ சொல்றதுதாம்ப்பா முடிவு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். பாத்துப் பேசு, பொண்ணு அழுதுடப் போவுது.”

“அழ மாட்டேன் சார். எனக்கும் ஒரு டீ வாங்கிட்டு வாங்க” என்றாள் வானதி.

அவர் போனதும் இளம்பரிதி சுற்றி வளைக்கவில்லை. “கேம் நல்லாருக்குங்க. ஆனா இது எம்.எம்.ஓ. இல்ல.”

“ஏண்ணே?”

“உள்ள ஆளே இல்லையேங்க.”

“எப்பப் போனீங்க?”

“நேத்து மத்தியானம்.”

“மத்தியான வெயில்ல யாருண்ணே வயல்ல நிப்பா?”

“பெரிய கேம்லல்லாம் சந்தைக்குள்ள போனா தோள் இடிக்கும். அதாங்க எம்.எம்.ஓ.”

“தோள் இடிச்சவன் பேரு ஒண்ணாவது ஞாபகம் இருக்கா?”

இளம்பரிதி யோசித்தான். எத்தனையோ சந்தைகள், கோட்டைகள். ஒரு பெயரும் வரவில்லை.

“பக்கத்துப் பக்கத்துல நின்னு ஆயிரம் பேர் தனித்தனியா ஆடுறதுக்கு எதுக்குண்ணே ஒரே உலகம்? நீங்க ஒண்ணு செஞ்சா, எங்கயோ இருக்க ஒரு ஆளு வயத்துல அது போயி இடிக்கணும். அப்பத்தான் அந்த ஆளும் நீங்களும் ஒரே ஆட்டத்துல இருக்கீங்கன்னு அர்த்தம்.”

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளக் காட்டுங்க” என்றவன், அவளே பார்க்கட்டும் என்று மடிக்கணினியைத் திறந்து விளையாட்டுக்குள் நுழைந்தான்.

முதலில் வேறு யாருடைய வயலுக்கோ வந்துவிட்டதாக நினைத்தான். வரப்பு தெரியவில்லை. அவனுடைய மதகின் இரண்டு பக்கமும் ஆட்கள். தலைப்பாகை, முக்காடு, கைலி, சுடிதார். வாய்க்கால் கரை நெடுக, திரை எட்டும் தூரம்வரை, அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய வயலில் மட்டும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மதகுக்குக் கீழே வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது.

ஓரத்தில் எழுத்து மளமளவென்று ஓடியது.

“யோவ், பூதலூரு வந்துட்டான்யா!”

“தொர இப்பத்தான் எந்திரிச்சாரு.”

“தம்பி, ஒங்க வயலுக்கு இவ்ளோ தண்ணி எதுக்கு? மீன் வளக்குறீங்களா?” இது, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் நாகூரின் கமருன்னிஸா.

“நான் சிங்கப்பூர்லேர்ந்து உக்காந்திருக்கேன். சூப்பர்வைசர் மொறைக்கிறான். சீக்கிரம் எறக்குய்யா.” இது துரைக்கண்ணு.

இளம்பரிதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான். “மறியலுக்கு எந்தப் பட்டனுங்க வெச்சிருக்கீங்க?”

வானதியும் வாயைப் பிளந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். “வெக்கலையேண்ணே. உக்காரத்தான் ஒரு பட்டன் வெச்சேன், நடவு நட்டுக் களைச்சவங்க இடுப்பு ஆத்திக்கட்டும்னு. அடுத்தவங்க மதகுல கை வெக்க முடியாது. அதான் நடந்து வந்து உக்காந்துட்டாங்க.”

நடந்து. அந்த விளையாட்டில் வண்டி கிடையாது, பறக்க முடியாது. நாகூரிலிருந்து பூதலூர்வரை வாய்க்கால் கரையோடு விரலால் நகர்த்தி நகர்த்தித்தான் வர வேண்டும். கம்பெனியில் அவன் எத்தனையோ படைகளைப் பார்த்திருக்கிறான். மணி அடித்தால் வரும்படி எழுதப்பட்ட படைகள். பரிசுக்காக வந்த கூட்டங்கள். இந்தக் கூட்டத்தை எந்த நிரலும் கூப்பிடவில்லை. அவன் இறக்க மறந்த ஒரு மதகு கூப்பிட்டிருந்தது. இவ்வளவு நல்ல வேலையை அவன் பார்த்ததில்லை. அதைச் செய்தவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை என்பது இன்னும் பிடித்திருந்தது.

“அப்படியே இருக்கட்டுங்க” என்றான் அவசரமாக. “சார் வர்ற வரைக்கும் மதக எறக்க வேணாம். இந்தக் கூட்டத்த அவர் கண்ணால பாத்துட்டா சர்வர் உங்களுக்குத்தான். எறக்குனா எல்லாம் எந்திரிச்சிப் போயிடுவாங்க. அப்புறம் நான் சொன்னா நம்ப மாட்டாரு.”

வானதி கீழே காய்ந்து கிடந்த வாய்க்காலைப் பார்த்தாள். “எறக்குங்கண்ணே.”

“சர்வர் போயிடும்ங்க.”

“கமருன்னிஸா அக்கா ரெண்டாவது தடவ நட்டிருக்கு. அதுவும் காஞ்சா மறுபடி நாத்து கெடைக்காது. எறக்குங்க.”

“உங்க கேம்தானே? நீங்களே உள்ள பூந்து எறக்கிடலாமே.”

“நான் கை வெச்சா அப்புறம் யாரும் நடந்து வர மாட்டாங்க. எனக்குப் போன் பண்ணுவாங்க.”

வாசலைப் பார்த்தான். ராஜராஜனைக் காணோம். மதகை இறக்கினான். தண்ணீர் திரும்பி வாய்க்காலின் வெடிப்புகளுக்குள் இறங்கியது.

கூட்டம் கலைவதைப் பார்க்கக் காத்திருந்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“எறக்கியாச்சு. கிளம்புங்க” என்று தட்டினான்.

“கிளம்புவோம், கிளம்புவோம். மொதல்ல தண்ணி நாகூருக்கு வரட்டும்” என்றாள் கமருன்னிஸா.

“நாம எந்திரிச்ச ஒடனே திரும்பத் தூக்கிருவான். பூதலூர்க்காரனாச்சே!”

“எறக்கிட்டானா? நம்பாதீங்க. இருங்க, நானும் வர்றேன்.”

புதிது புதிதாக ஆட்கள் கரையில் தென்பட்டார்கள். கோபம் வர வேண்டிய இடத்தில் இளம்பரிதிக்குச் சிரிப்பு வந்தது. திரை திக்கித் திணற ஆரம்பித்தது. வானதி போனை எடுத்தாள்.

“அப்பா, மாடிக்குப் போயி டேபிள் ஃபேன கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைங்க... யூரியாவுக்கு நிக்கிறவங்க நிக்கட்டும்பா, ஓடுங்க!”

ராஜராஜன் இரண்டு டீயோடு உள்ளே வந்தார். “என்னப்பா, சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் சார். தப்பாச் சொல்லிட்டேன். உங்க போன்ல உள்ள வாங்க.”

அவர் முனகிக்கொண்டே நுழைந்தார். ஊர் கேட்டதற்குத் திருவையாறு என்றார். அதுவும் தலைமடைதான். ஒரு வயல், ஒரு மதகு, நடுவில் அவர்.

“பாருய்யா, அடுத்தவன் வந்துட்டான்!”

“இவன் மதகு எங்கருக்கு? பாதிப் பேர் அங்க போங்க.”

கரையில் பாதிக் கூட்டம் எழுந்து அவர் பக்கம் நடக்க ஆரம்பித்தது.

“ஏய், நான் ஒண்ணுமே பண்ணலையேய்யா!” ராஜராஜன் போனைப் பார்த்துக் கத்தினார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் தட்டத் தொடங்கினார். ஐயா, நான் இப்பத்தான் வந்தேன். மதகைத் தொடவே இல்லை. யாரும் கேட்பதாக இல்லை. வந்து வந்து உட்கார்ந்தார்கள்.

“எத்தன பேருப்பா இது?”

“எண்ண முடியல சார். நீங்க சொல்லுங்க, பிரிவுல சேத்துக்கலாமா?”

“சேத்துக்கப்பா, சேத்துக்க. சர்வரு அவளுக்குத்தான். மொதல்ல இவங்கள எந்திரிக்கச் சொல்லு.”

“அது என் கையில இல்ல சார்.”

வானதி டீயை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையில் இருந்த போனில், “அப்பா, ஃபேன நிறுத்திராதீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.