மூன்றாவது சிலிண்டர்

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குப் பெயரே அக்காதான். தம்பி கூப்பிடுவதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். தலை முழுக்க நரைத்த டாக்சிக்காரர்கூடக் கூசாமல் அக்கா என்பார். தம்பிக்குப் பெயர் குட்டி. ஆறடி உயரம், முப்பத்தைந்து வயது, காதோரம் வெள்ளை முடி, இருந்தும் குட்டிதான். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்த கார்களுக்கு வேகம் கூட்டிக் கொடுப்பது அக்காவின் தொழில். அந்த வேகத்தை ஓட்டிக் காட்டுவதைத் தவிர குட்டிக்குப் பதினைந்து வருஷமாக வேறு நினைப்பே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பந்தய அணி ஓட்டுநர் தேர்வு வைத்திருந்தது. அவரவர் வண்டியில் வரவேண்டும், பன்னிரண்டு சுற்று, நேரம் பார்த்து ஒரே ஒருவரை எடுப்பார்கள். வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த வருஷம் குட்டி விண்ணப்பம்கூடப் போட முடியாது. அதனால்தான் திங்கட்கிழமை காலையிலேயே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, புது காற்று சென்சாரைப் போட்டுவிடு என்று சொல்லிப் போனான்.

என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வதுதான் அந்தச் சென்சாரின் வேலை. அதன் பேச்சைக் கேட்டுத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும், எப்போது தீப்பொறி விடுவது என்றும் முடிவு செய்யும். போன வருஷம் அக்கா பெரிய டர்போ மாட்டியபோது பழைய சென்சாரால் அவ்வளவு காற்றை அளக்க முடியவில்லை. பெரிய சென்சார் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். குட்டிக்கோ ஆறு நாள் பொறுக்காது. அக்கா என்ன செய்தாள், பழைய சென்சாரையே அகலமான குழாய்க்குள் வைத்து ஒப்பேற்றினாள். பாதிக் காற்று அதன் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் குறைகிற பெட்ரோலை ஈடுகட்ட, அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாக்கினாள். கம்ப்யூட்டருக்கே காது குத்தியாயிற்று என்று அன்றைக்கு அவள் பீற்றிக்கொண்டதை ஒர்க்‌ஷாப்பே கேட்டது.

பெட்ரோல் கணக்கு சரியாகத்தான் வந்தது. தீப்பொறிக் கணக்குதான் சரியாக வரவில்லை. காற்று கொஞ்சம்தானே என்று நம்பிய கம்ப்யூட்டர், ஒவ்வொரு தடவையும் பொறியைச் சீக்கிரமே விட்டது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் தலையில் அடி. இது அக்காவுக்குத் தெரியாததல்ல. கண்திட்டத்தில் பொறியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், பெரிய சென்சார் வந்ததும் முறையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். சென்சார் வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தது. மற்றவர்கள் வண்டிக்கு நேரம் இருந்தது, தம்பி வண்டிதானே, எங்கே போய்விடப் போகிறது.

செவ்வாய்க்கிழமை புதுசை மாட்டி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும் சோதனை உருளைமேல் வண்டியை ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவையாக உண்மையான காற்று திரையில் வந்தது. பழைய கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் பொறியைத் தள்ளி வைத்ததைப் போல மூன்று மடங்கு தள்ளியிருக்க வேண்டும். என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தாள். முதலாவது, இரண்டாவது, நாலாவது மூன்றும் நூற்றைம்பது பக்கம். மூன்றாவது தொண்ணூறு. கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தாள். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல்.

பிரித்துச் சரிசெய்ய மூன்று வாரம். தேர்வுக்கு நாலு நாள். இரவல் வாங்க வேறு வண்டியும் இல்லை. டர்போவின் முழு அழுத்தத்தில் ஓட்டினால் அந்தச் சிலிண்டர் இரண்டு சுற்று தாங்காது. அழுத்தத்தைக் குறைத்து, தீப்பொறியையும் தள்ளிப் போட்டால் பன்னிரண்டு சுற்றும் ஓடிவிடும். ஓடும், அவ்வளவுதான். சொன்னால் பயந்து பயந்து ஓட்டுவான், சொல்லாமல் இருந்தால் கைத்திறமையாவது காப்பாற்றும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். தம்பியின் முகத்தைப் பார்த்து, நான்தான் உன் என்ஜினைக் கெடுத்தேன் என்று சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. அதுதான் நிஜம். அழுத்தத்தைக் குறைத்தாள்.

வியாழக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்தான் குட்டி. இறங்கும்போதே முகம் சரியில்லை.

"என்னக்கா, இழுவையே இல்லாத மாதிரி இருக்கு?"

"நல்லா டியூன் பண்ண வண்டி வேகமா தெரியாதுடா. முன்னாடி முட்டி முட்டி ஏறுச்சு, உனக்கு அது வேகமா தெரிஞ்சுது. இப்ப சீரா ஏறுது. மிதக்கும்."

சில வண்டிகளுக்கு இது உண்மைதான். உண்மையில் கொஞ்சம் கலந்த பொய்யை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அக்கா அவனிடம் வண்டி விஷயத்தில் பொய் சொன்னதே கிடையாது. அன்று மாலை முழுக்க அந்த மிதப்புக்குப் பழக வேண்டுமென்று ஊர் எல்லைவரை நாலு தடவை போய்வந்தான்.

சனிக்கிழமை அக்கா தேர்வுக்குப் போகவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்றாள். வேலை எதுவும் ஓடவில்லை. ஒரே நட்டை மூன்று தடவை முறுக்கினாள். என்ஜின் நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று நினைத்தாள், நின்றுபோனால்தான் என்ன, அவனுக்கு விஷயமாவது தெரியுமே என்றும் நினைத்தாள். எது நடக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு வண்டி வந்து நின்றது. என்ஜின் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியிருந்தது. பதினோரு பேரில் குட்டி ஒன்பதாவது. மேலே வந்தவர்களில் பாதிப்பேர் அவனைவிடப் பத்து வயது சின்னவர்கள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அக்கா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நின்றாள்.

நேர்ப்பாதையில் எல்லாரும் தன்னைத் தாண்டிப் போனதாகச் சொன்னான். அணியின் மேலாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, வளைவிலிருந்து வெளியே வரும்போதே நீங்கள் மெதுவாக வருகிறீர்கள், அதனால்தான் நேர்ப்பாதையில் வேகம் ஏறவில்லை என்றாராம். தனக்கும் அப்படித்தான் தோன்றியதாகச் சொன்னான். கடைசி நாலு சுற்றில் எவ்வளவோ முயன்று பார்த்தானாம், ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. வரவில்லையாம்.

இப்போது சொல்லலாம். இனி இழக்க ஒன்றுமில்லை. அழுத்தத்தைக் குறைத்தது நான் என்ற ஒரே வாக்கியம் போதும், பதினைந்து வருஷ நம்பிக்கையும் அவனிடமே இருக்கும். அக்கா வாயைத் திறந்தாள்.

குட்டி முந்திக்கொண்டான்.

"நீ சொன்னது சரிதான்க்கா, வண்டி மிதக்குது. இவ்ளோ நல்ல வண்டியக் குடுத்தும் என்னால ஓட்ட முடியல. ஓட்டத் தெரியும்னு இத்தன வருஷமா நானே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். உன்னையும் அலைய வச்சுட்டேன். மன்னிச்சிடுக்கா."

"பரவால்லடா, விடு," என்றாள் அக்கா.

அவன் ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்து அழ ஆரம்பித்திருந்தான். அதனால் அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.