கை மாறக் கூடாத விழுது

நான்காம் மாதம் பதினெட்டாம் தேதி காலை மாமியார் துடுப்பை என் கையில் கொடுத்து, "தோள் வலிக்குது. நீ ஒரு இருநூறு தடவை கிண்டு" என்றார். இடுப்பளவு ஜாடி. உள்ளே உப்புநீரில் மிதந்துகொண்டிருந்த சோயாக் கட்டிகளை, குளிர்காலம் முழுவதும் காகிதத்தில் சுற்றிப் பூஞ்சை பிடிக்க வைத்திருந்தவற்றை, முந்தைய நாள்தான் தேய்த்துக் கழுவி உடைத்திருந்தோம். நான் எண்ணிக்கை பிசகாமல் இருநூறு முறை கிண்டி முடித்தேன். அவர் ஜாடியின் வாயில் துணியைப் போட்டுக் கட்டினார். "சரி, இந்த வருஷம் உன் கை. விழுது பதமாகிற வரைக்கும், ஒரு மாசம், வேற கை படக்கூடாது. பட்டா நாறிடும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஐந்தாம் மாதம் முதல் வாரத்தில் என் தங்கை யூன்ஷூவுக்குப் பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்கு மாமியாரும் இல்லை. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளிக்காற்று படாமல், குளிர்ந்த நீரைத் தொடாமல் கிடக்க வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு பெண் வேண்டும். மூன்று வருஷமாக நான் ஊருக்குப் போகவில்லை. முதல் வருஷம் மாமியாருக்குக் கால் முறிந்தது. இரண்டாம் வருஷம் சோள விதைப்பு. இந்த வருஷம் போகிறேன் என்று புத்தாண்டுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள், மாமியாரும்தான்.

என் கணவர் வாங்லின் லாரி ஓட்டுகிறவர். அன்று சாயங்காலம் எங்கோ ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து பேசினார்.

"ஒரு மாசந்தானே. விழுது கெட்டுப்போச்சுன்னா வருஷம் பூரா நம்ம வீட்டுல யாருக்கும் சோறு எறங்காது."

"அவளுக்கு யாருங்க இருக்கா?"

"ஆஸ்பத்திரி இருக்குல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா பயப்படுறாங்க. அண்ணி பத்து நாளுன்னுதானே சொல்லிட்டுப் போனாங்க" என்றார்.

மூத்த மருமகளான அண்ணி போய் ஐந்து வருஷம் ஆகிறது, திரும்பவில்லை. அவளுடைய செருப்பு இன்னும் கதவோரம் இருக்கிறது. மாமியார் அதை எடுத்துப் போடுவதும் இல்லை, யாரையும் போட விடுவதும் இல்லை.

எனக்கு ஜாடி புதிதல்ல. நான் பிறந்தது சிச்சுவானில், பீஷியன் பக்கம். அங்கே மொச்சையும் மிளகாயும் சேர்த்து விழுது போடுவார்கள். அப்பா வேலை செய்த முற்றத்தில் மட்டும் நானூறு ஜாடிகள். வெயிலில் திறப்பார்கள், இரவில் பனி படத் திறப்பார்கள், மழைக்கு மட்டும் மூடுவார்கள். அந்த விழுதை எண்ணெயில் வதக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். எண்ணெய் சிவந்தால்தான் சமையலே தொடங்கும். பிறகு குவாங்டோங்கில் துணி ஆலைக்குப் போனேன். அங்கே கேண்டீனில் கீரையிலிருந்து கோழி வரை எல்லாவற்றின் மேலும் சிப்பிச் சாறு, இனிப்பும் வழவழப்புமாக. வாங்லினும் நானும் சிநேகமானது அந்தச் சாற்றைத் திட்டித்தான். இவருக்கு அதில் உப்பு இல்லை, எனக்குக் காரம் இல்லை. ஒரே சாப்பாட்டைப் பிடிக்காத இரண்டு பேருக்கு ஒரே ருசி என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இந்த வடகிழக்குக்கு வந்த முதல் நாள், பச்சை வெங்காயத் தாளைக் கருப்பு விழுதில் தோய்த்து அப்படியே கடித்தார்கள். வதக்கவில்லை, தாளிக்கவில்லை. நான் விழித்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு குய்ஷியாங் அக்கா இன்றுவரை கேலியை விடவில்லை.

"ஏண்டி சிச்சுவான்காரி, நாக்குல தீ வெச்சாத்தான் உனக்கு ருசி தெரியுமா?"

"நீங்க வெங்காயம் தின்னுட்டு வாய தெறக்காதீங்க அக்கா, ஜாடி கெட்டுடும்."

இப்படியெல்லாம் பேசுவோம். ஆனால் அந்த மாதம் முழுக்க எண்ணிக்கைதான். காலையில் இருநூறு, மாலையில் இருநூறு. நுரையை வழித்துப் போட வேண்டும். நடுவில் சந்தைக்குப் போனாலும் ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கயிற்றில் கட்டிய ஆட்டுக்குக்கூடக் கயிற்றின் நீளம் கண்ணுக்குத் தெரியும். என்னுடையது வீட்டுக்கு வீடு மாறியது. எந்த வேலியருகே நின்றாலும் யாராவது ஒருத்தி, "நேரமாச்சே, விழுது கிண்டலியா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் ஒன்று யோசித்தேன். கை மாறினால் நாறும் என்கிறார்கள். கை மாறாமலே நாறினால்? அந்தக் கையை ஜாடியருகே யார் வைத்திருப்பார்கள்? பச்சைத் தண்ணீர் ஒரு அகப்பை போதும், பத்து நாளில் புழு வைக்கும். மாமியார் கோழிக்குத் தீனி போடப் போன நேரம், கிணற்றுத் தண்ணீரை அகப்பையில் எடுத்துக்கொண்டு ஜாடியருகே நின்றேன். ஜாடிக்குள் ஒரு சொட்டு விழுந்தால் முதுகில் அடி விழும் என்று வளர்ந்த கை. அது நீளவே இல்லை. தண்ணீரைப் பூண்டுப் பாத்திக்கு ஊற்றினேன்.

அதற்கடுத்த வழி பனி. இங்கே ராத்திரியில் யாரும் ஜாடியைத் திறந்து வைக்க மாட்டார்கள், பனி பட்டால் விழுது புளித்துவிடும் என்பார்கள். நான் படுக்கப் போகும் முன் துணியை அவிழ்த்துவிட்டு, மாமியார் எழும் முன் கட்டிவிடத் தொடங்கினேன். கிண்டுவதையும் மாற்றினேன். இவர்கள் மேலாக அடித்து நுரை எடுப்பார்கள். நான் எங்கள் ஊர்போல அடியிலிருந்து புரட்டினேன். ஜாடியைக் கெடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் விடியும் நேரத்தில் ஓட்டின் மேல் தூறல் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு ஓடி, மேலாடையைக் கழற்றி ஜாடியின் வாயில் விரித்து, மூடியைத் தூக்கி வைத்தேன். அதன் பிறகுதான் மூச்சு வந்தது. கெடுக்க நினைத்தவள் எதற்கு ஓடி வந்தேன் என்று மழையில் நின்றபடி யோசித்தேன்.

ஐந்தாம் மாதம் ஆறாம் தேதி யூன்ஷூவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் குழந்தையைக் காட்டினாள். அவள் தலைமாட்டில் யாரும் இல்லை. மேசை மேல் ஹோட்டல் கஞ்சிப் பொட்டலம்.

"எப்பக்கா வர்ற?"

"பதினெட்டாம் தேதி முடிஞ்சதும்."

"அப்புறம் மாசம் முடியப் பதினெட்டு நாள்தான் மிச்சம் இருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதினெட்டாம் தேதி மாமியார் ஒரு வெங்காயத் தாளை மடித்து, விழுதில் தோய்த்துக் கடித்தார். வெகுநேரம் மென்றார். நான் அவர் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் வேலிப் பக்கம் திரும்பி, "குய்ஷியாங், கிண்ணம் எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டார்.

குய்ஷியாங் அக்கா விரலால் தொட்டு நக்கினார். மறுபடியும் தொட்டார். "அடியேய், என்னத்தடி போட்ட?" என்றவர், "எங்க வீட்டு ஜாடி போன மாசம் இருபத்தெட்டாந் தேதி போட்டது, இன்னும் பத்து நாள் இருக்கு. இவளைக் கொஞ்சம் அனுப்புங்க மதனி" என்றார்.

"கை மாறக் கூடாதுன்னு சொன்னாங்களே" என்றேன்.

"நல்ல கைக்கு மாறலாம்" என்றார் மாமியார். "இனிமே வருஷா வருஷம் நம்ம வீட்டுக்கு இவ கைதான்."

கிண்ணங்களோடு மேலும் நான்கு பேர் வந்து போன பிறகு, அடுப்படியில் அவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "பனியில தெறந்து போட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"பார்த்தேன். மழைக்கு ஓடி வர்றியா இல்லையான்னு பார்த்தேன்." அடுப்பில் ஒரு சோளத்தட்டையைத் தள்ளினார். "பெரியவ ஓடி வரமாட்டா."

நான் தங்கையைப் பற்றிப் பேசினேன். இதுவரை சொல்லாத விதமாக, கெஞ்சாமல், தேதிகளை வரிசையாகச் சொல்லிப் பேசினேன். முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு கண்ணாடிச் சீசாவைக் கழுவித் துடைத்து, விழுதை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி மேசை மேல் வைத்தார். "இதை உன் தங்கச்சிக்கு அனுப்பு. பால் சுரக்கும். பார்சலுக்கு அட்டை கேப்பாங்க." தன் தகரப் பெட்டியைத் திறந்து என் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் விரலை எடுக்கச் சிறிது நேரமானது. "நாலு மணி பஸ்ஸுல வந்துடு."

சீசாவோடு வைக்க ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். ஒன்று, இதை வதக்காதே, கருகிக் கசக்கும். இரண்டு, பச்சையாகவே தொட்டுச் சாப்பிடு. மூன்று என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் ஓடவில்லை.

பஸ் தபால் நிலையத்தைத் தாண்டி ரயில் நிலையம் வரை போகும். ரயில் டிக்கெட்டுக்கும் இதே அட்டைதான் வேண்டும். மேடு பள்ளத்தில் சீசா என் மடியில் குலுங்கிக்கொண்டே வந்தது. தபால் நிலையத்தில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எறங்கலியாம்மா?"

புதிதாக நிரப்பிய விழுது பொங்கியிருந்தது. டேப்பின் விளிம்பில் ஒரு கருப்புக் கோடு கசிந்து என் விரலிடுக்கில் இறங்கியது. இரண்டு உள்ளங்கைகளாலும் மூடியை அழுத்திப் பிடித்தேன். உள்ளிருந்து அது மெல்ல, விடாமல், மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கதவு இன்னும் திறந்தே இருந்தது.