கெட்டுப்போன படங்களுக்கு எட்டுப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை எனக்கும் என் மச்சான் சபாபதிக்கும். சபாபதி என் மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் அச்சகம் வைத்திருக்கிறான். நான் எழுதிய கேமரா கையேட்டை அச்சிட்டவன் அவன்தான். ஆசையாகக் கேமரா வாங்கிவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளைப் பார்த்து மிரண்டுபோகிறவர்களுக்காக எழுதிய புத்தகம். முதல் பதிப்பு எப்படியோ தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பில் எட்டுப் பக்கத்தைத் தூக்கியே ஆகவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த எட்டுப் பக்கத்துக்குத் தலைப்பு ‘கெட்டுப்போன படங்கள்’. எல்லாம் நானே எடுத்துச் சொதப்பியவை. ஒவ்வொன்றுக்கும் கீழே, எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கும் வழியை எழுதியிருந்தேன்.

“மாமா, காசு குடுத்து வாங்குறவன் நல்ல படம் எப்படி எடுக்கறதுன்னு பாக்கத்தான் வாங்குறான். நீங்க எடுத்த கண்றாவியெல்லாம் அவனுக்கு எதுக்கு?”

“நல்ல படத்தைப் பாத்து எவனும் கத்துக்க மாட்டான் மச்சான். வாயைப் பொளந்துட்டுப் பக்கத்தைப் பொரட்டிடுவான். கெட்ட படத்தைப் பாத்தாதான், அட, நம்ம படம் மாதிரியே இருக்கேன்னு நிப்பான்.”

“அந்த எட்டுப் பக்கத்தால ஒரே ஒருத்தருக்குப் பிரயோஜனம் இருந்துச்சுன்னு காட்டுங்க. அப்புறம் போடுறேன்.”

காட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

2

நான் எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்களை மறைக்கவில்லை. கெட்டுப்போனவற்றைக் காட்ட வேண்டும் என்று ஊருக்குச் சொல்கிறவன் தன்னுடையதை மறைத்தால் நன்றாகவா இருக்கும்?

கடலூர்க் கடற்கரையில் அன்று அலைகள்

(வேண்டாம். இந்தக் கதையில் கடலே வராது.)

மரணமும் ஒரு நிழற்படம்தான், ஏனென்றால் அதில்

(இதை எழுதியபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.)

ஜேக்கப் தன் ஸ்டுடியோவின் ஷட்டரை மேலே தள்ளும்போதே போன் அடித்தது.

(இது நன்றாகத்தான் போனது. ஆனால் ஜேக்கப் என்று யாரும் இல்லை. கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஜெனிட்டா என்ற பெண். எழுதியதை அவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“எதுக்கு சார் எனக்கு மீசை வெச்சீங்க?”

“சாவு வீட்டுக்கு ஒரு பொண்ணு தனியாப் போய் படம் எடுக்குதுன்னா வாசகர்கள் நம்பணுமேம்மா.”

“கூப்புடுறவங்களே நம்பித்தான் கூப்புடுறாங்க. படிக்கிறவங்களுக்கு என்னவாம்?”

மீசையை எடுத்துவிட்டேன்.)

3

ஜெனிட்டா முதன்முதலாக என்னைக் கூப்பிட்டபோது, “கெட்டுப்போன படம்னு எழுதினது நீங்கதானா சார்? ஒரு நாள் வாங்க. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்க,” என்றார். சபாபதிக்கு எதிராக ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்ற குஷியில் சிதம்பரத்தில் ரயில் ஏறினேன். பாராட்டுக் கேட்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

போனதும் முதலில் திட்டு விழுந்தது.

“உங்க புக்குல கல்யாணத்துக்குத் தனியா இருக்கு. கோபுரத்துக்கு இருக்கு. காக்கா குருவிக்குக்கூட ரெண்டு பக்கம் இருக்கு. சாவு வீட்டுக்கு ஒரு வரி இல்லியே சார்? எனக்குப் பாதி சோறு அதுலதான்.”

(எனக்கு உறைத்தது. நான் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன், அதனால் கோபுரத்தைப் பற்றி எழுதினேன். எதை எடுத்து மக்கள் பிழைக்கிறார்கள் என்று விசாரிக்கவே இல்லை.)

அவருடைய பங்கில், அதாவது அவர் போகும் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், ஒரு வழக்கம் உண்டு. அடக்கத்துக்கு முன் குடும்பத்தார் எல்லோரும் இறந்தவரைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படத்துக்கு ஜெனிட்டா தானாகவே சில விதிகள் வைத்திருந்தார். ஐஸ் பெட்டியில் வைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி மினுக்கி முகத்தைக் கெடுக்கும். பிளாஷ் கூடாது, இறந்தவர் முகத்தில் எண்ணெய் வழிவதுபோல் விழும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை அரை நொடி திறந்து வைப்பார்.

“அரை செகண்டுல உசுரோட இருக்கறவங்க லேசா கலங்கிடுவாங்க சார். அழுவாங்க, குலுங்குவாங்க, என்ன பண்ண முடியும்? சாவு வீட்டுப் படத்துல சுத்தமா வுழுறது ஒருத்தர் மட்டுந்தான்.”

இந்த வரியை மட்டும் நான் மெருகேற்றவில்லை. அவர் சொன்னபடியே இருக்கிறது.

4

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. இறந்தவர் பெயர் லூர்துசாமி. ஒரு மருத்துவமனையில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் அசைவில்லாமல் கிடந்தார். உறவினர் ஒருவர் ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே அவர் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டார். டாக்டர் யாரும் வரவில்லை. அழுகை தொடங்கிவிட்டது. குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, குவித்த கைகளில் ஜெபமாலையைச் சுற்றினார்கள். மாலையின் சிலுவை வயிற்றின் மேல் கிடந்தது. ஐஸ் பெட்டி வண்டியில் வந்துகொண்டிருந்தது.

ஜெனிட்டா வழக்கம்போல் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். தலைமாட்டில் மனைவி சவரியம்மாள், பக்கத்தில் மகன் மரியசெல்வம். ஒரு படம் எடுத்தார். யாராவது கண்ணை மூடிவிட்டார்களா என்று பின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

சிலுவை கலங்கியிருந்தது.

கட்டில் விளிம்பு தெளிவாக இருந்தது. போர்வையின் பூ தெளிவாக இருந்தது. கட்டை விரல் நகம்கூடத் தெரிந்தது. சிலுவை மட்டும் ஈரக் கையால் தேய்த்ததுபோல் மேலும் கீழும் இழுபட்டிருந்தது.

“மொதல்ல ஃபோகஸ்தான் தப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் பையில இருந்து உங்க பக்கத்தை எடுத்தேன்.”

அந்த எட்டுப் பக்கத்தையும் புத்தகத்திலிருந்து கிழித்து, பாலிதீன் உறையில் போட்டு, கேமரா பையில் வைத்திருக்கிறார். மற்ற பக்கங்கள் வீட்டில் இருக்கின்றனவாம். அவர் அதை எடுத்து உதடசைய வாசித்ததைப் பார்த்து, ஏதோ ஜெபம் என்று நினைத்து ஒரு பெரியம்மா முழந்தாளிட்டுவிட்டாராம்.

அவர் வாசித்தது இதைத்தான்:

எல்லாமே கலங்கியிருந்தால் குவியம் (ஃபோகஸ்) தவறு. எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. ஒன்று மட்டும் கலங்கி, அதை ஒட்டியிருப்பது தெளிவாக இருந்தால், அந்த ஒன்று அசைந்திருக்கிறது.

(புவனகிரியில் ஓர் ஆடு தலையை ஆட்டிக் கெடுத்த படத்துக்காக நான் எழுதிய வரிகள். ஆட்டைத் தவிர வேறு எதையும் மனதில் வைத்து எழுதவில்லை, சத்தியமாக.)

5

இந்த இடத்தில் ஒரு கதாசிரியன் செய்யக்கூடியவை சில உண்டு.

ஜெனிட்டாவைக் கத்த வைக்கலாம். “உசுரு இருக்கு!” என்று. சினிமா கொட்டகையில் விசில் பறக்கும். ஆனால் அது தவறாகப் போயிருந்தால்? சவரியம்மாளுக்கு ஒரே நாளில் புருஷன் இரண்டு முறை செத்திருப்பார். அதற்கப்புறம் கடலூரில் யார் ஜெனிட்டாவை வீட்டுக்குள் விடுவார்கள்?

பேசாமல் இருக்க வைக்கலாம். காற்றில் ஆடியிருக்கும் என்று நினைத்துக் கேமராவை மூடிவைத்துவிடலாம். நியாயமான காரணம்தான், மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு முடிவை எழுதியும் பார்த்தேன். ஐஸ் பெட்டியின் மூடியை அவர்கள்

(முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

ஜெனிட்டா செய்தது எனக்குத் தோன்றவே இல்லை.

6

“அண்ணே, ஃபேனை நிறுத்துங்க,” என்றார் மரியசெல்வத்திடம்.

“ஏம்மா? எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது.”

“படம் கெட்டுப்போச்சுண்ணே. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன். எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஆடக் கூடாது, அழக் கூடாது. அம்மா, நீங்களுந்தான்.”

மின்விசிறி சுற்றி நின்றது. வெளியே வண்டி பின்னால் வரும் பீப் பீப் சத்தம். ஐஸ் பெட்டி வந்துவிட்டது. உள்ளே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். இந்த முறை அவர் ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்தார்.

அந்தப் படத்தைத் தன் கம்ப்யூட்டரில் எனக்குக் காட்டினார். எல்லோரும் செதுக்கி வைத்ததுபோல் நின்றார்கள். சவரியம்மாளின் தாடையில் நின்ற கண்ணீர்த் துளி, மரியசெல்வத்தின் காதோரத்து நரை, அவசரத்தில் துளை மாற்றிப் போட்டிருந்த லூர்துசாமியின் சட்டைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் தெளிவு. உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் பிணம்போல அசையாமல் இருந்தார்கள். ஜெனிட்டா படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே கட்டிலின் நடுப்பகுதிக்குப் போனார்.

சிலுவை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் புகைதான் இருந்தது.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அந்த ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுதிய மூன்று வரி, ஓர் ஆட்டுக்காக எழுதிய மூன்று வரி. அவற்றைத்தான் சபாபதி தூக்கச் சொன்னான். சில நாட்களாக நானும் சரி என்று சொல்லிவிடலாமா என்றிருந்தேன்.

“அப்புறம்?”

“மரியசெல்வம் அண்ணன்கிட்ட திரையைக் காட்டினேன். இதை மட்டும் பாருங்கண்ணேன்னேன். அவரு பாத்தாரு. அப்பாவை அப்படியே அள்ளித் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுனாரு. வேற வண்டி ஏது? ஐஸ் பெட்டியை ரோட்டுல எறக்கி வெச்சுட்டு, அந்த வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.”

7

கதையை இங்கேயே, வண்டி கிளம்பிய இடத்திலேயே முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த சபாபதி குதித்தான். “பொழைச்சாரா இல்லியா மாமா? அதைச் சொல்லாம ஒரு கதையா?” ஆனால் எட்டுப் பக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

சரி, சொல்கிறேன். இரண்டாம் பதிப்பில் அந்தப் படத்தைப் போட அனுமதி வேண்டியிருந்தது. ஜெனிட்டாவைக் கேட்டு வரச் சொன்னேன். போனில் கூப்பிட்டார்.

“சவரியம்மாள் சரின்னுட்டாங்க. அண்ணனும் சரின்னுட்டாரு. ஒருத்தர் மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறாரு சார்.”

“யாரு?”

“படுத்திருந்தவருதான். கஞ்சி குடிச்சிக்கிட்டே கத்துறாரு. மூக்கு பெருசா வுழுந்திருக்காம், பட்டன் மாத்திப் போட்டிருக்காம். வேற நல்ல படமா எடுத்துப் போடச் சொல்லுன்றாரு.”

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

“என்னம்மா?”

“சார், உங்க புக்கு வாங்கறதுக்கு முன்னாடியும் நான் சாவு வீட்டுக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். இதே மாதிரி முக்காலி, அரை செகண்டு. கண்ணு மூடியிருக்கான்னு மட்டும் பாத்துட்டு, பிரிண்ட் போட்டுக் குடுத்துடுவேன். சிலுவையை எல்லாம் பெருசாக்கிப் பாத்ததில்ல. எல்லாம் ஹார்ட் டிஸ்க்குல இருக்கு. தெறக்கலாம்னு மவுஸைப் புடிப்பேன். வுட்டுடுவேன். நீங்கதானே எழுதினீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க சார்.”

8

அந்த ஹார்ட் டிஸ்க் இப்போது சிதம்பரத்தில், என் மேசைமேல் இருக்கிறது. ஒரு வடைப் பொட்டலம் அளவுக்குத்தான் இருக்கும். பக்கத்தில் அதன் ஒயர். இந்தக் கதையை நான் ஏன் எழுதினேன் என்பதற்கு முதல் வரியில் சொன்ன காரணம் பாதிதான். இதை எழுதிக்கொண்டிருக்கும்வரை அந்த ஒயரைச் செருக வேண்டியதில்லை.

எல்லாம் தெளிவாகவே இருக்கலாம். ஒவ்வொரு கட்டிலிலும் நகமும் சிலுவையும் அசையாமல், அவரவர் சாவு சாவாகவே இருக்கலாம். அப்படியானால் ஜெனிட்டா தூங்கலாம், நானும் தூங்கலாம். இல்லாவிட்டால், ஏதோ ஒரு படத்தில் ஒன்று மட்டும்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.)

ஒரு கையேடு எதற்கு உதவும் என்று கேட்டால், கெட்ட படம் ஏன் கெட்டது என்று சொல்ல உதவும் என்று சபாபதியிடம் வாதாடி ஜெயித்தவன் நான். சொல்லித் தந்ததை நானே செய்து பார்க்கக் கை வரவில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும், நாலாம் பகுதியில் அந்த மூன்று வரிகளும் இருக்கின்றன. ஒயரின் ஒரு முனையை ஹார்ட் டிஸ்க்கில் செருகிவிட்டேன். மறுமுனை உங்கள் பக்கம்தான் கிடக்கிறது.