காந்தத்தில் ஒட்டிய கரும்பொடி

என் அக்கா புருஷன் பழமலையைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஜங்ஷன் ரோட்டில் ரேடியோ, ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். தொண்ணூற்று நாலில் அந்த ஆள், சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய ஜோடி ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்துச் சோதிக்கக் கொடுத்தார். இரண்டையும் சுத்தம் செய்து, நல்லபடி பாட வைத்துத்தான் அனுப்பினேன். ஒரு மாசத்தில் ஒன்று கரகரவென்றதும், "மச்சினன் கை வச்சான், நாசமாப் போச்சி" என்று பஜார் முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். அந்த வாரமே இரண்டு பேர் பழுதுக்குக் கொடுத்த செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

"தைரியம் இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க, நாலு பேரு முன்னாடி பிரிச்சிக் காட்டுறேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பெட்டியோடு வந்தார். இன்னொன்றைச் சுமந்துகொண்டு அக்கா சிந்தாமணி பின்னால் வந்தாள். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

முதலில் நல்ல ஸ்பீக்கர். பேப்பர் கூம்பை விரல் நுனியால் நாலு பக்கமும் சமமாக அழுத்தினேன். சத்தமில்லாமல் போய் வந்தது. அடுத்ததை அழுத்தினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம்.

"கேட்டீங்களாய்யா? இவன் செஞ்ச வேலை!" என்றார் பழமலை.

"வாய மூடிக்கிட்டுப் பாருங்க."

நடு மூடியைத் தின்னர் தொட்டு ஊறவைத்துப் பிரித்தேன். மெல்லிய அட்டையில் ஒட்டும் டேப்பைச் சுற்றி, கம்பிச் சுருள் அசையும் இடுக்கில் விட்டு இழுத்தேன். கறுப்பாக இரும்புப் பொடி வந்தது. கூடவே காய்ந்த வெள்ளை மண். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பீங்கான் சாமான் செய்யும் யூனிட்டில், கரைத்த மண்ணுக்குள் காந்தத்தை விட்டு இரும்பைப் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் சூளையில் வெந்ததும் வெள்ளைக் கப்பில் கறுப்புப் புள்ளி விழும். விருத்தாசலத்தில் இது தெரியாதவன் கிடையாது. பழமலை நடத்துவதும் கப்பு யூனிட்டுதான்.

"இது என் கடை அழுக்கா, உங்க யூனிட்டு அழுக்கா? ஸ்பீக்கரைக் கழட்டி, பின்னாடி இருக்கற காந்தத்தை மண்ணு தொட்டியில முக்கியிருக்காங்க. காந்தத்து முதுகு ஓட்டை வழியா இரும்பும் மண்ணும் உள்ள பூந்திருக்குது. யாரு முக்குனாங்கன்னு உங்க வூட்டுலயே கேளுங்க!"

கூட்டம் சிரித்தது. பழமலை சிரிக்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"யூனிட்டு காந்தம் ஒடைஞ்சி போச்சிங்க. இன்னொரு சூளையில புள்ளி விழுந்தா உன்னத் தொரத்திடுவேன்னு சொன்னீங்க. அதான்..."

"வூட்டுக்கு வா" என்றார் பழமலை. அவர் குரலை உயர்த்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, போவாத. இங்கயே இரு."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "தொட்டியாண்ட நிக்கறது நான்தான்னு ஒனக்குத் தெரியாதாடா? ஒன் கடை பேரு பொழைச்சிடிச்சி இல்ல? நல்லா இரு" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனாள்.

வெள்ளை மண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.