இடப்பக்க வரிசை

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், குருநகர்க் கோயில் பாடகர் குழுத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் இடப்பக்கம் முறைத்தார்.

"கத்தரீனா, வாய் திறபடுது, சத்தத்தைக் காணேல்லை. திருநாளுக்கு நீ பாடவேண்டாம்."

கத்தரீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதற்பாட்டின் தனிக்குரல் அவளுடையது. அதைக் கேட்கவென்றே அவள் அக்கா கனடாவிலிருந்து வருகிறாள்.

கத்தரீனா அவருடைய வலப்பக்கம் வந்து பாடிக் காட்டினாள்.

"பாத்தியளே, வெருட்டினாத்தான் பாடுறாள்!"

அவள் இடத்துக்குப் போன இன்னொரு பாடகி மேர்சியின் குரல் உடனே காணாமற்போனது. மாஸ்ரரும் குழம்பினார். மின்விசிறியை நிறுத்தினார், யன்னலைச் சாத்தினார், மைக்கைத் தட்டினார். அவருடைய சொந்தக் குரல் மட்டும் மண்டைக்குள் கோயில் மணியாய் முழங்கியது. அதில் அவருக்குக் குறையே இல்லை.

"மாஸ்ரர், உங்கடை காதை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்," என்றாள் மேர்சி.

"என்ரை காதோ? முப்பது வருஷமா, குளிச்ச கையோடை கொட்டன் பட்ஸ் குச்சி விட்டுத் துடைக்கிறன். உங்களிலை ஆருக்கிருக்கு அந்த ஒழுங்கு?"

காது நல்ல திறமென்று கடிதம் வாங்கி வந்து எல்லாரின் வாயையும் அடைக்கத்தான் டொக்டர் றிஸ்வியாவிடம் போனார்.

டொக்டர் லைற் அடித்துப் பார்த்தார். "ஐயா, குறும்பி தானா வெளியிலை வாற சாமான். நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் உள்ளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீங்கள். இடது காது முழுக்க அடைப்பு."

"அப்ப கடிதம்?"

"என்னெண்டு எழுத?"

ஐந்து நாள் சொட்டு மருந்து. பிறகு, செவிப்பறையில் ஓட்டை இல்லையென்று பார்த்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் பீய்ச்சினார். கிண்ணத்தில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று விழுந்தது. மாஸ்ரர் அதை வேறு ஆருடையதோ போலப் பார்த்தார்.

"இனி காதுக்குள்ளை ஒண்டும் விடாதேங்கோ. வெளியிலை துவாயாலை ஒத்தினாப் போதும்."

கடைசி ஒத்திகை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மாஸ்ரர், "உன்ரை இடத்திலை நில்," என்றார் கத்தரீனாவிடம். அவள் பாடினாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அடுத்த வரியை மாஸ்ரர் எடுத்தார், பாதியில் நின்றார்.

"ஆர் உந்தக் கீச்சுக் குரல்?"

மறுபடி பாடினார். மறுபடி அதே கீச்சு.

"ஐயோ, உவ டொக்டர் என்ரை குரலைக் கெடுத்துப்போட்டா!"

"குரல் அதேதான் மாஸ்ரர்," என்றாள் கத்தரீனா. "இவ்வளவு காலமும் எங்களுக்குக் கேட்டது, இப்ப உங்களுக்கும் கேக்குது."