தொங்குகிறவனின் இடம்

காலை ஆறே காலுக்கு எடை பார்க்கும் அறையைத் திறந்தார்கள். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அண்ணன் சுக்கான் பிடிப்பவன். தம்பி, காற்றில் பாய்மரப் படகு சாயும்போது விளிம்புக்கு வெளியே, முதுகு தண்ணீரில் உரசத் தொங்குபவன். அந்தப் படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். சின்ன வயதிலிருந்து அந்த இரண்டு பேர் இவர்கள்தான்.

இந்த உலகப் போட்டிக்கு அண்ணியின் தம்பியும் மாற்று ஆளாக வந்திருந்தான். ஒல்லி. வாயாடி. அவன் எதைச் சொன்னாலும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நேற்று பயிற்சிக்கு அவனை ஏற்றிக்கொண்டு போனான். தம்பி கரையில் நின்று கயிறு சுருட்டினான். வயிறு எரிந்தது. பசியும் ஒரு காரணம்.

போட்டி விதி அப்படி. சுக்கான் பிடிப்பவனின் எடை கூடினால் தொங்குகிறவனுக்கு அனுமதிக்கும் எடை குறையும். அண்ணனின் எடைக்குக் கணக்குப் போட்டுத் தம்பி வெந்த காயாகத் தின்றுகொண்டிருந்தான்.

"எதாவது சாப்பிடுங்க மச்சான். பாக்கவே பாவமா இருக்கு" என்றான் வரிசையில் பின்னால் நின்ற அண்ணியின் தம்பி.

"நான் சாப்பிட்டா நீ ஏறி உக்காந்துக்கலாம்னு பாக்குறியா?"

"ஐயோ, நானா கேட்டேன்? மாமாதான் கூப்பிட்டாரு. கையுறை கூட வாங்கிக் குடுத்துட்டாரு."

புதுக் கையுறை. தம்பியுடையதில் இரண்டு விரல் கிழிந்திருந்தது. அண்ணன் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அண்ணன் முதலில் மேடையில் ஏறினான். நேற்றிரவு விடுதி அறையில் பார்த்ததைவிட இரண்டு கிலோ கூடுதல். அதிகாரி தம்பிக்கான அளவைக் குறைத்தார். தம்பி ஏறினான். மூச்சை முழுக்க வெளியே விட்டான். எடை கூடுதல் என்று அதிகாரி தலையை ஆட்டினார்.

"விடுடா, உடம்பக் கெடுத்துக்காத" என்றான் அண்ணன், அவன் முகத்தைப் பார்க்காமல். "இந்த ஒரு தடவ அவன் தொங்கட்டும்."

பதிலுக்கு நிற்கவில்லை. காலை இடுக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடினான்.

தம்பியும் பின்னாலேயே போனான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சிறுநீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கிற மாதிரித் தெரியவில்லை. தம்பி கதவில் கை வைத்தான்.

"அண்ணா, காலைல எத்தன பாட்டில் தண்ணி குடிச்சே?"