அம்மன் முகமும் ஆப்பச் சோடாவும்

அம்மனின் முகம் நாலாயிரத்து இருநூறு ரிங்கிட். செய்கூலி தனி. சாமி விஷயத்தில் பேரம் பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, சிரம்பான் நகைக்கடையில் ஆலயத் தலைவர் ரவிச்சந்திரன் முக்கால் மணி நேரம் பேரம் பேசி வாங்கிய வெள்ளி முகம் அது. வாங்கிய நாளோடு அதை வெள்ளி என்று சொல்வது நின்றுபோனது. ஆத்தா இந்த வருஷம் யார் வீட்டில் என்றுதான் தோட்டத்தில் கேட்பார்கள்.

தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயம் பாதி காலியாகி, கோயிலுக்குத் திருடனும் ஒருமுறை வந்துவிட்டுப் போன பிறகு, முகத்தைக் கோயிலில் வைப்பதில்லை. திருவிழா முடிந்ததும் சீட்டுக் குலுக்கி ஒரு வீட்டில் ஒப்படைப்பார்கள். அடுத்த திருவிழாவில் அந்த வீட்டுப் பெண் அதைத் தாம்பாளத்தில் வைத்துத் தலையில் சுமந்து, உறுமி மேளம் முழங்கக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். இந்த முறை சீட்டு அர்ச்சுனன் பெண்சாதி பஞ்சாலைக்கு விழுந்தது.

போன வருஷம் சீட்டு விழுந்த புனிதா, முகத்தைப் பிஸ்கட் டின்னில் பழைய துணி சுற்றி வைத்திருந்தாள். பஞ்சாலை அதற்கு ஒரு படி மேலே போகாமல் இருப்பாளா? அவளுக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கழித்துப் போட்ட கையுறைகள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. புத்தம் புதியவை, தூசி படாதவை. நெற்றிக்கு நாலு, கன்னத்துக்கு நாலு என்று மெத்தைபோல அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட ரப்பர், ஆத்தாவையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் மத்தியானம் பிரித்துப் பார்த்தால், ஆத்தா கறுத்துக் கிடந்தாள். அடிப்பிடித்த சட்டி தோற்றது. கையுறை பட்ட இடம் இன்னும் கறுப்பு. இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து, யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

பஞ்சாலைக்கு ஆத்தாவின் கோபம் பெரிதாகப் படவில்லை. அதை ஒரு பால்குடம் எடுத்துச் சரிக்கட்டிவிடலாம். ஊர் வாயை எதைக் கொண்டு கட்டுவது? வெள்ளியை விற்றுவிட்டு ஈயத்தை வைத்துவிட்டாள் என்பார்கள். அவள் புருஷன் அர்ச்சுனன் போன மாதம்தான் புது மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தான். கடனில் எடுத்தது என்று யார் நம்பப் போகிறார்கள்?

கதவைச் சாத்திவிட்டு ஆப்பச் சோடாவை எடுத்தாள். அந்த வீட்டில் ஆப்பச் சோடா ஆப்பத்துக்குப் போனதே கிடையாது. ஐஸ்பெட்டியில் கருவாட்டு வாடைக்குக் கிண்ணத்தில் கொஞ்சம், சிங்க் அடைத்தால் வினிகரோடு ஒரு பிடி, அர்ச்சுனன் வேலைக்குப் போட்டுப் போகிற சப்பாத்துக்குள் தினமும் ஒரு தூவல். எறும்பு கடித்தாலும் அதுதான், சட்டி கருகினாலும் அதுதான். இப்போது தண்ணீரில் குழைத்து ஆத்தாவின் மூக்கில் வைத்துத் தேய்த்தாள். ஒரு பாக்கெட் தீர்ந்தபோது மூக்கு நுனி மட்டும் வெளுத்தது. இந்த வேகத்தில் தேய்த்தால் அடுத்த திருவிழாவுக்குத்தான் நெற்றி தெரியும். அழுத்தித் தேய்த்தால் புருவத்தின் வேலைப்பாடு போய்விடும்.

கதவைச் சாத்தியவள் பின்கதவை மறந்திருந்தாள். புனிதா எப்போதும் அந்த வழியாகத்தான் வருவாள், குரல் கொடுக்கிற பழக்கமும் இல்லை. போன வருஷத் தாம்பாளத்தை ஒப்படைக்க வந்தவள் மேசையைப் பார்த்தாள், பஞ்சாலையைப் பார்த்தாள், தாம்பாளத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கிளவ்ஸ்லயா சுத்துனீங்க?"

பஞ்சாலை தலையாட்டினாள்.

"ரப்பர் பட்டா வெள்ளி கறுத்துடும்க்கா. எங்க ஹோட்டல்ல வெள்ளிக் கரண்டிப் பக்கம் ஒரு ரப்பர் பேண்டு கெடந்தாலே சூப்பர்வைசர் குதிப்பான்." புனிதாவுக்குப் போர்ட் டிக்சனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் பண்டம் பார்க்கிற வேலை. "பத்து நிமிசத்துல எடுத்துடலாம்."

சொல்லிவிட்டு எழுந்து வேலையைத் தொடங்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள். அந்த உட்காரலிலேயே பஞ்சாலைக்கு விளங்கிவிட்டது, இது சும்மா கிடைக்கிற சரக்கு இல்லை.

"என்னா வேணும் ஒனக்கு?"

"நாளைக்கு நான் தூக்குறேன்."

"போன வருசந்தான் தூக்குனியே."

"மழ லா அக்கா. மேல தார்ப்பாய் பிடிச்சிட்டாங்க. வீடியோவுல என் காலு மட்டுந்தான் இருக்கு."

பஞ்சாலை, வேண்டுமானால் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் வா என்றாள். விளக்குக்கு என் மகள் போதும், எனக்குப் பாதி வழி என்றாள் புனிதா. வீட்டிலிருந்து சிம்பாங் சந்திப்பு வரை எடுத்துக்கொள் என்று பஞ்சாலை இறங்கினாள். சிம்பாங்கிலிருந்து கோயில் வரைதான் வேண்டும், வீடியோக்காரன் அங்கேதான் நிற்பான் என்று புனிதா அசையவில்லை.

பஞ்சாலை கறுத்த முகத்தைத் தூக்கி அவள் முன்னால் வைத்தாள். "இப்படியே போனா ஒனக்கும் தூக்க ஒண்ணும் இல்ல. நல்லா பாத்துக்க."

கடைசியில், சிம்பாங்கிலிருந்து கோயில் வாசல் வளைவு வரை புனிதா, வளைவிலிருந்து சன்னதி வரை மறுபடி பஞ்சாலை என்று முடிவானது.

"வெளிய மூச்சு விடக் கூடாது."

"அத சும்மாவே தரேன். ஒங்க வீட்டுல கறுத்தது தெரிஞ்சா என் பிஸ்கட் டின்னையும்ல கெளறுவாங்க."

அதன் பிறகு புனிதாவின் கை பேச்சை விட வேகமாக ஓடியது. மீன் சுடுவதற்கு வைத்திருந்த அலுமினியத் தாளைப் பெரிய பிளாஸ்டிக் பேசினில் விரித்தாள். ஆத்தாவை அதன்மேல் ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, இன்னொரு பாக்கெட் ஆப்பச் சோடாவையும் ஒரு பிடி உப்பையும் தூவி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னாள். நுரை பொங்கியது. கூடவே ஒரு நாற்றம் கிளம்பியது. கூமுட்டை உடைந்த நாற்றம்.

முன்வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அர்ச்சுனன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மூக்கைப் பொத்தினான். பேசினுக்குள் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நேத்து பருப்ப ஊற போட்டு ஆக்குன்னு சொன்னேன், கேட்டியா? இப்ப பாரு, வாயு!"

புனிதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஞ்சாலைக்கும் சிரிப்பு வந்தது. நடுவில் அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகத் திரும்பியது. அர்ச்சுனன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வந்த வழியே மோட்டாரிடம் போய்விட்டான்.

கரண்டியால் தூக்கிப் பார்த்தபோது கன்னத்தில் விரல்கள் இல்லை. தாள்தான் கறுத்திருந்தது. நெற்றி கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததால், புதுத் தாளும் புதுப் பாக்கெட்டும் புதுத் தண்ணீருமாக இன்னொரு முறை முக்கினார்கள். பிறகு குழாயில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சம் ஆத்தாவின் முகத்தில் பட்டுக் கூரையில் போய் ஆடியது. பஞ்சாலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புனிதா போன பிறகு, தேநீரை ஊதிக் குடித்தபடி பஞ்சாலை மனத்துக்குள் கணக்கை முடித்தாள். செலவு: ஆப்பச் சோடா மூன்று பாக்கெட், உப்பு, மீனுக்கு இல்லாமல் போன தாள், சிம்பாங்கிலிருந்து வளைவு வரைக்கும் வழி. வரவு: ஆத்தாவின் முகம், தன் பெயர், பருப்பின் மேல் விழுந்த பழி. பாக்கி: மூக்குத்தி இடுக்கில் எள்ளளவு கறுப்பு; அதை மறைக்க மல்லிகைச் சரத்தை இழுத்துவிட்டு, ஆத்தாவிடம் அடுத்த சீட்டு வரை தவணை.